சிறைவாசியைக் காணொளியில் பார்ப்பது: மனநல மருத்துவருக்கும் சிறை மருத்துவமனைக்கும் ஒரு செய்முறை

மத்திய சிறையில் இருக்கும் ஒருவரை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவர வழிக்காவலுக்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். ஆயுதப்படைக்கு எங்காவது பந்தோபஸ்து வேலை வந்துவிட்டால் முதலில் அடிபடுவது ஆஸ்பத்திரிப் பயணம்தான். மாதாமாதம் பார்க்கவேண்டியவரை மூன்று மாதமாகப் பார்க்காமல் விடுவது இப்படித்தான் நடக்கிறது. புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்திய சிறைகளில் மருத்துவ அலுவலராவது இருக்கிறார். கிளைச் சிறைகள் பெரும்பாலும் பக்கத்து அரசு மருத்துவமனையை நம்பியே ஓடுகின்றன. இந்த இடைவெளியைக் காணொளியால் ஓரளவு அடைக்கலாம்.

வீட்டிலிருந்து பேசும் நோயாளிக்குச் செய்வதை அப்படியே சிறைக்குக் கொண்டுபோனால் மட்டும் வேலை கெடும். சிறைவாசியின் கையில் போன் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் அறை அவருடையதல்ல. பிடிக்கவில்லை என்று அழைப்பைத் துண்டிக்கவும் முடியாது. மருத்துவர் தொட்டுப் பார்க்கவேண்டியதையெல்லாம் அங்கே இருக்கும் செவிலியர்தான் தொட்டுப் பார்க்கவேண்டும். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி சிறைப் பக்கத்து அறையையும் அந்தச் செவிலியரையும் பற்றியது.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நேரில் ஒருமுறை பார்த்து நோய் இன்னதென்று தெரிந்தவருக்குத் தொடர் சிகிச்சை, மருந்தளவு மாற்றம், பக்கவிளைவு கண்காணிப்பு, தூக்கம், பதற்றம், மனச்சோர்வு, உளவியலாளரின் ஆலோசனை அமர்வு ஆகியவற்றுக்குக் காணொளி நன்றாகவே பயன்படும். புதியவரின் முதல் மதிப்பீட்டையும் செய்யலாம். ஆனால் சிறை மருத்துவ அலுவலர் அன்றோ முந்தைய நாளோ உடலைப் பரிசோதித்து எழுதியிருக்கவேண்டும்.

காணொளிக்கே கொண்டுவரக் கூடாதவர்கள் சிலர் உண்டு: தலையில் அடிபட்டுக் குழம்பிப் பேசுபவர், காய்ச்சலோடு உடல் விறைத்துக் கிடப்பவர், சோறு தண்ணீர் இல்லாமல் அசையாமல் கிடப்பவர், சற்றுமுன் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். இவர்களுக்கு வேண்டியது ஆம்புலன்ஸ்.

இவர்களோடு சேர்க்கவேண்டிய, அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று குடி நிறுத்தத்தால் வரும் குழப்பம். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆளும் இடமும் தெரியாத உளறல் 2 முதல் 4 நாளுக்குள் வரும். கைது, காவல் நிலையம், ரிமாண்ட் எல்லாம் முடிந்து ஒருவர் சிறைக்குள் நுழைவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். ‘சுவரில் பூச்சி ஊருதுன்னு சொல்றார் சார், மனநல டாக்டருக்கு வீடியோ போடலாமா’ என்று அழைப்பு வந்தால் முதலில் நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், சர்க்கரை நான்கையும் கேளுங்கள். அந்த நான்கு எண்களும் வராமல் திரையைத் திறக்கவேண்டாம். நாடி 120, வியர்வை, நடுக்கம் என்றால் பேசி நேரம் கழிக்காமல் தயாமினும் (வைட்டமின் பி1) மருத்துவமனையும்தான் வழி. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் போகவேண்டும் என்பதையும் சிறைப் பக்கம் நினைவூட்டுங்கள்.

அறை

சிறையில் காணொளி அறை என்றாலே காவல் நீட்டிப்புக்கு நீதிமன்றத்தோடு பேசும் அறையைத்தான் காட்டுவார்கள். கேமரா, திரை, இணைப்பு எல்லாம் தயாராக இருக்கும் என்பதால் ஆசை வரும். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தத் திரையில் நீதித்துறை நடுவரைப் பார்த்துப் பழகியவருக்கு, அதே திரையில் தெரியும் நீங்களும் நீதிபதிதான். ‘நான் எதுவும் செய்யலைங்கய்யா’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சந்தேக நோய் உள்ளவர் உங்களை வழக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். சிறை மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அறை பாருங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் போதும். கதவில் கண்ணாடித் துண்டு பதித்திருக்கவேண்டும்.

கேமராவைக் கணினியோடு வந்ததாக வைத்துக்கொள்ளாமல் தனியாக வாங்குங்கள். 1080 பிக்சல் தெளிவுள்ள யு.எஸ்.பி. கேமரா, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நோயாளியின் நாற்காலி அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி. முகம் மட்டும் தெரியும்படி வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மருந்தால் வரும் கால் பரபரப்பு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். மடியில் கிடக்கும் கைவிரலில்தான் நடுக்கம் தெரியும். ஆகவே தலையிலிருந்து பாதம்வரை தெரிகிற ஒரு காட்சி, முகம் பெரிதாகத் தெரிகிற ஒரு காட்சி என இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வசதி வேண்டும். நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தும் இடத்தைத் தரையில் ஒரு பட்டையொட்டிக் குறித்துவைத்தாலே போதும்.

விளக்கு முன்னாலிருந்து முகத்தில் விழவேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கருத்துப்போய், முகபாவமே இல்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

ஒலிதான் உண்மையான தலைவலி. இரும்புக் கதவு, மின்விசிறி, வராந்தாப் பேச்சு எல்லாம் உள்ளே வரும். மைக்கை நோயாளிக்கு 60 செ.மீ. தூரத்தில் மேசைமேல் வையுங்கள். விசிறியைக் குறைக்கலாம், அணைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் வியர்த்து எரிச்சலாகிவிடுவார். வீடியோ செயலிகளில் இரைச்சலைத் தானாக அடக்கும் வசதி ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். மனச்சோர்வில் தாழ்ந்த குரலில் இழுத்துப் பேசுவதையும், தனக்குத்தானே முணுமுணுப்பதையும் அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். காதில் குரல் கேட்பவர் உதடசைத்து மெல்லப் பதில் சொல்வது உங்களுக்குக் கேட்காமலே போகும்.

ஹெட்போன் கொடுக்கலாமா என்றால், வயர் உள்ளதைக் கொடுக்கவே கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளப் போதுமான நீளம் அது. ஒலிபெருக்கியை மெல்ல வைத்துக் கதவைச் சாத்துவதே நல்லது. கேமரா, மைக் வயர்களைச் சுவரோடு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓட்டிவிடுங்கள்.

இணைப்பு விஷயத்தில் சிறைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செல்போன் ஜாமர் இயங்கும் வளாகத்தில் 4ஜி டாங்கிள் வேலை செய்யாது, சில இடங்களில் வைஃபையும் தள்ளாடும். கம்பி வழி வரும் ஃபைபர் இணைப்பிலிருந்து லேன் கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள். பதிவேற்றமும் பதிவிறக்கமும் நொடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்தில் நிலையாகக் கிடைத்தால் போதும். 100 எம்.பி.பி.எஸ். திட்டம் போட்டு, சிறை அலுவலகம் முழுக்க அதையே பகிர்ந்துகொண்டால் பதினொரு மணிக்குப் படம் உறையத்தான் செய்யும். யு.பி.எஸ். வைக்கும்போது கணினியை மட்டும் அதில் மாட்டிவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனதும் கணினி ஓடும், இணைப்பு போய்விடும். இரண்டையும் அதிலேயே மாட்டுங்கள்.

அமர்வுக்கு முன் தாமதத்தை அளந்துவிடுங்கள். செவிலியரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் கை தட்டுங்கள், தட்டல் எவ்வளவு பிந்திக் கேட்கிறது என்று அவர் சொல்வார். அரை நொடிக்கு மேல் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் இணைப்பின் தாமதத்தை நோயாளியின் தாமதமாகப் பதிவு செய்வீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் நேரம் மனநிலைப் பரிசோதனையில் ஒரு குறி என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

அறையில் யார்

செவிலியர் உள்ளே, வார்டர் (சிறைக் காவலர்) வெளியே. கதவுக் கண்ணாடி வழியாக வார்டர் பார்க்கலாம், பேச்சு அவர் காதில் விழக்கூடாது. எல்லா மருத்துவப் பரிசோதனையும் முழு இரகசியத்தோடு நடக்கவேண்டும் என்று ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 31-ஆவது விதி சொல்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தரும் இரகசிய உரிமையும் சிறைவாசிக்கு உண்டு. தாக்கும் அபாயம் உண்மையிலேயே இருந்தால் கதவைத் திறந்துவைத்து வார்டரை வாசலில் நிறுத்தலாம், அதற்கான காரணத்தையும் எழுதிவைக்கவேண்டும். ‘எப்பவும் இப்படித்தான் சார்’ என்பது காரணம் ஆகாது.

மொழிபெயர்க்க இன்னொரு சிறைவாசியை உட்காரவைப்பது வட மாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில் சாதாரணமாக நடக்கிறது. இதை நிறுத்தவேண்டும். அன்று மாலையே அந்தப் பேச்சு முழு பிளாக்குக்கும் தெரிந்துவிடும். மருத்துவமனைப் பக்கம் இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த ஊழியரோ பயிற்சி மருத்துவரோ இருந்தால் அவரை மூன்றாவது இணைப்பில் சேர்ப்பது எளிது. காணொளியின் உருப்படியான லாபங்களில் இது ஒன்று.

முந்தைய நாள்

மாலைக்குள் சிறைப் பக்கத்திலிருந்து ஒரு தாள் வரவேண்டும். அதில் இருக்கவேண்டியவை:

– பெயர், சிறைவாசி எண், வயது, விசாரணையா தண்டனையா, அடுத்த நீதிமன்ற நாள்
– எடை, ரத்த அழுத்தம், நாடி, வெப்பம், சர்க்கரை, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள்
– இப்போதைய மருந்து, கடந்த 14 நாளில் எத்தனை வேளை உண்மையில் விழுங்கினார்
– தூக்கம், சாப்பாடு, குளியல், சண்டை, தனிமை பற்றி பிளாக் வார்டர் சொன்ன இரண்டு வரி
– தன்னைக் காயப்படுத்திக்கொண்ட வரலாறு, சமீபத்தில் வந்த கெட்ட செய்தி

கடைசி இரண்டும் வராத தாளைத் திருப்பி அனுப்புங்கள். இருபது நிமிடம் திரையில் பார்க்கும் மருத்துவரைவிட இரவு முழுக்கப் பார்க்கும் வார்டருக்கு அதிகம் தெரியும். அவர் கவனித்ததைத் தாளில் வாங்கிக்கொள்ளவேண்டும், அவரை அறைக்குள் விடக்கூடாது.

நேரத்தைச் சிறையின் நடைக்கு ஒட்டியே குறியுங்கள். காலை 10.30 முதல் ஒன்றரை மணிவரை நல்ல நேரம். குடும்பத்தார் மனு போட்டுப் பார்க்கவரும் நேரத்தில் அழைத்தால், மகனைப் பார்க்க முடியாத கோபத்தோடு உங்கள்முன் உட்காருவார். புதியவருக்கு 45 நிமிடம், பழையவருக்கு 20. ஒரு நாளைக்குப் புதியவர் இரண்டு, பழையவர் நான்கு போதும். பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஐந்து நிமிடம் பார்ப்பது மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கும் வேலை மட்டுமே.

முதல் ஐந்து நிமிடம்

உங்கள் பெயர், மருத்துவமனை, பதிவு எண் சொல்லுங்கள். கேமராவைக் கையில் எடுத்து உங்கள் அறையை ஒரு சுற்றுக் காட்டுங்கள். பிறகு ஏறக்குறைய இப்படி:

‘இது கோர்ட் இல்லீங்க, ஆஸ்பத்திரி. நான் ஜட்ஜ் இல்லை, போலீஸ் இல்லை. இந்தப் பேச்சு பதிவாகலை. என் ரூம்ல வேற யாரும் இல்லை, பாத்துக்குங்க. உங்க ரூம்ல யார் யார் இருக்காங்க? கதவு சாத்தியிருக்கா? வீடியோவுல பேச வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, நேர்ல பார்க்க ஏற்பாடு பண்ணச் சொல்றேன். அதனால உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது.’

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, நோயாளி தானே அழைத்தால் சம்மதம் உள்ளடங்கியதாகக் கொள்ளப்படும். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ தொடங்கினால் வெளிப்படையான சம்மதம் வேண்டும். சிறையில் நோயாளி தானாக அழைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்டு, அவர் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதவேண்டும். சிறை அலுவலகம் மொத்தமாக வாங்கிவைத்த கையெழுத்துத் தாளுக்கு இங்கே மதிப்பில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும்: இன்று பேசுவது சிகிச்சைக்கா, நீதிமன்ற அறிக்கைக்கா? இரண்டையும் ஒரே மருத்துவர் ஒரே அமர்வில் செய்யக்கூடாது. சிகிச்சை அமர்வில் விசாரணைக் கைதியிடம் சம்பவத்தைப் பற்றித் துருவாதீர்கள். அவராகச் சொல்லத் தொடங்கினால், ‘அதை உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க, தூக்கம் வராததைப் பத்திப் பேசலாம்’ என்று திருப்பிவிடுங்கள்.

தொலைக்காட்சி தன்னைப் பற்றிப் பேசுகிறது, கேமரா வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புபவருக்குக் காணொளி நெருப்பில் நெய் வார்ப்பதாகிவிடும் என்ற பயம் உண்டு. பலர் தெளிவாகவே பேசிவிடுகிறார்கள். ஆனாலும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்: ‘இந்தத் திரையில என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?’ பதில் நோயோடு பின்னிக்கொண்டால் அங்கேயே நிறுத்தி, நேரில் பார்க்கக் குறிப்பெழுதுங்கள்.

பரிசோதனை

பேச்சு, எண்ணம், மனநிலை, நோயுணர்வு ஆகியவற்றை நேரில் பார்ப்பதற்கு அருகிலேயே பார்க்க முடியும். கண்ணோடு கண் பார்க்கிறாரா என்பதைக் காணொளியில் எழுதவே எழுதாதீர்கள். அவர் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கேமரா அதற்கு மேலே இருக்கிறது, உங்களுக்கு அவர் கீழே பார்ப்பதாகத்தான் தெரியும்.

நாற்றம் திரையில் வராது. உடல் நாற்றம், வாயில் சாராய வாடை, புண்ணின் வாடை மூன்றையும் செவிலியர் முன்பே குறித்திருக்கவேண்டும்.

மருந்தின் பக்கவிளைவைப் பார்க்கச் செவிலியருக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும். நோயாளியின் முன்கையை ஒரு கையால் தாங்கி, மறுகையால் மணிக்கட்டை மெல்ல மடக்கி நீட்டவேண்டும், பிறகு முழங்கையை. வழவழப்பாகப் போகிறதா, ஒரே சீராக இறுகியிருக்கிறதா, பல்சக்கரம் போல் விட்டுவிட்டு நகர்கிறதா என்று அவர் சொல்லவேண்டும். விறைப்பைப் படத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்து, இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி மேலே ஒரு தாளை வையுங்கள். மெல்லிய நடுக்கம் கேமராவில் மறைந்துவிடும், தாளின் ஓரம் ஆடுவது தெரியும். கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொல்லுங்கள். ஐந்தடி நடந்து திரும்பச் சொல்லுங்கள், கை வீச்சு குறைந்திருந்தால் அங்கே தெரியும். கடைசியாக நாக்கை வாய்க்குள்ளேயே சும்மா வைத்திருக்கச் சொல்லி, பத்து நொடி டார்ச் அடித்துக் கேமராவுக்குக் காட்டவேண்டும். அது புழுவைப்போல் நெளிந்தால் நீண்டநாள் மருந்தால் வந்த அசைவுநோயை நினைக்கவேண்டும். படம் அடிக்கடி உறையும் இணைப்பில் இந்த அசைவு தவறிப்போகும் என்பதால், உறைந்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

நடிக்கிறாரா என்ற கேள்வி சிறையில் எப்போதும் கூடவே வரும். ஒரே ஒரு காணொளி அமர்வை வைத்து அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஆள் பார்க்காதபோது எப்படி இருக்கிறார் என்பதுதான் இங்கே சான்று, அது வார்டு செவிலியரின் மூன்று வேளைக் குறிப்பில் கிடைக்கும். உண்மை நோயாளியும் கவனம் கிடைக்க மிகைப்படுத்துவார் என்பதையும் மறக்கவேண்டாம்.

சாகவேண்டும் என்று சொன்னால்

இதற்கான ஏற்பாடு அழைப்புக்கு முன்பே இருக்கவேண்டும். சிறைக்குள் செல்போன் கிடையாது. ஆகவே இணைப்பு அறுந்தால் கூப்பிட அறைக்குள்ளேயே ஒரு தரைவழித் தொலைபேசியோ சிறை எக்ஸ்சேஞ்சின் நீட்டிப்பு எண்ணோ வேண்டும். எண்ணை உங்கள் மேசையில் ஒட்டிவையுங்கள். இணைப்பு போனால் இரண்டு முறை முயலுங்கள், பிறகு போன். அதுவரை செவிலியர் நோயாளியை விட்டு நகரக்கூடாது, பிளாக்குக்கும் அனுப்பக்கூடாது. பாதியில் அறுந்த பேச்சில்தான் ஆபத்து அதிகம்.

எண்ணம் மட்டுமா, திட்டம் உண்டா, கையில் என்ன இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். சிறையில் கிடைப்பவை வேட்டி, லுங்கி, நாடா, துண்டு, பிளேடுத் துண்டு, சேர்த்துவைத்த மாத்திரை. எந்த நாள் மோசமான நாள் என்பதையும் கேளுங்கள்: உள்ளே வந்த முதல் வாரம், தீர்ப்பு நாள், ஜாமீன் மறுத்த நாள், மனைவி வராமல் போன நாள்.

அபாயம் அதிகம் என்றால் அழைப்பை முடிக்கும் முன்பே செவிலியரிடமும் மருத்துவ அலுவலரிடமும் நோயாளியின் முன்னிலையில் ஒப்படைக்கவேண்டும்: எங்கே படுப்பார், யார் கூட இருப்பார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அடுத்து நீங்கள் எப்போது பேசுவீர்கள். தனியறையில் அடைப்பது பாதுகாப்பு என்று சிறை நிர்வாகம் நினைக்கும். தனிமை பெரும்பாலும் நிலைமையைக் கெடுக்கும், கூடவே ஆள் இருக்கும் மருத்துவமனை வார்டைக் கேளுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு கொள்கிறது. சிறைத் தண்டனை நடவடிக்கை எடுக்கப்போவதாகத் தெரிந்தால் அந்தப் பிரிவை உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

நிர்வாகத்திடம் எவ்வளவு சொல்வது? உயிரைக் காக்கத் தேவையானது மட்டும். ‘அடுத்த 72 மணி நேரம் தனியே விடக்கூடாது’ என்பதைச் சொல்லலாம். ஏன் சாக நினைத்தார் என்ற குடும்பக் கதை கண்காணிப்பாளருக்குத் தேவையில்லை.

மருந்து

தொலைமருத்துவ நெறிமுறைப்படி போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் பட்டியலில் வருபவையும், மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸ் மருந்துகளும் காணொளிச் சீட்டில் எழுதத் தடைசெய்யப்பட்டவை. டயசெபாம், லோரசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. எந்தெந்த மருந்து எந்தப் பட்டியலில் என்பதை எழுதும் நாளில் நடப்பிலுள்ள திருத்தத்தோடு பார்த்துக்கொள்ளுங்கள். குடி நிறுத்தத்துக்கு இவைதான் முதல் மருந்து என்பதால் சிக்கல் இங்கே தெரியும். வழி அதே நெறிமுறையில் உண்டு: ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை கேட்டால், கேட்டவரே சிகிச்சை தருபவர், பொறுப்பும் அவருடையது. சிறை மருத்துவ அலுவலர் நோயாளியை நேரில் பரிசோதித்து, உங்கள் ஆலோசனையைக் கேட்டு, தன் கையெழுத்தில் எழுதலாம். மருத்துவ அலுவலர் இல்லாத கிளைச் சிறையில் இது முடியாது, ஆளை அரசு மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியதுதான்.

எழுதும் முன் சிறை மருந்தகத்தின் இருப்புப் பட்டியலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத மருந்தை எழுதினால் பத்து நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் நோய் திரும்பிவிடும்.

சிறைக்குள் மாத்திரை என்பது நாணயம். டிரைஹெக்சிபெனிடில் (மனநல மருந்தால் வரும் விறைப்புக்குத் தருவது), பிரெகாபலின் (நரம்பு வலிக்குத் தருவது), தூக்க மாத்திரைகள் கைமாறும். பக்கவிளைவு எதுவும் இல்லாமல் டிரைஹெக்சிபெனிடிலைப் பெயர் சொல்லிக் கேட்பவரிடம் செவிலியரை வைத்து விறைப்புப் பரிசோதனை செய்த பின்பே முடிவெடுங்கள். மிரட்டி வாங்கப்படுகிறதா என்றும் தனியாகக் கேளுங்கள். கேட்பவரே பலியாக இருப்பதும் உண்டு. எல்லா மருந்தும் செவிலியர் கண்முன் விழுங்கப்படவேண்டும்: தண்ணீரோடு விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்ன ஓரத்தைக் காட்டி, ஐந்து நிமிடம் அங்கேயே உட்காரவேண்டும். மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக விழுங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகும், தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு அதைத் தவிருங்கள்.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்குக் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். சிறையில் இரவு மருந்தை லாக்-அப்புக்கு (அறைகளைப் பூட்டுவதற்கு) முன்பே மாலை 5 மணிக்குக் கொடுத்துவிடுவார்கள், காலை பத்து மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். 17 மணி நேரம் ஆகிவிட்ட அந்த அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அதை நம்பி அளவை ஏற்றினால் விஷமாகும். மருந்து கொடுத்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மனச்சிதைவு மருந்தான குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை, பின்னர் ஓராண்டுவரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இந்த ரத்த ஏற்பாடு உறுதியாகாமல் காணொளியில் தொடங்கக்கூடாது. வெளியே இருபது பீடி புகைத்தவர் உள்ளே வந்து திடீரென நிறுத்தினால் அதே அளவு மருந்திலேயே ரத்தத்தில் குளோசபின் ஏறிவிடும். தூங்கி வழிகிறார், எச்சில் ஒழுகுகிறது என்று செவிலியர் சொன்னால் முதலில் பீடியைப் பற்றிக் கேளுங்கள்.

மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் தொடங்கிய முதல் சில நாளில் இளைஞருக்குக் கழுத்து திருகிக்கொண்டு கண் மேலே செருகலாம். இரவு லாக்-அப்பில் இது நடந்தால் வலிப்பு, நடிப்பு, பேய் என்று மூன்று விளக்கமும் வரும். இதைத் தணிக்கும் ப்ராமெத்தசின் ஊசி எங்கே இருக்கிறது, இரவில் யார் போடுவார் என்று கேட்டுவிட்டே சீட்டில் கையெழுத்திடுங்கள்.

நீதிமன்றம் கேட்கும்போது

குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368-ஆம் பிரிவுகள் வழிகாட்டுகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 328, 329. இதற்கான இறுதிக் கருத்தைக் காணொளியை மட்டும் வைத்துத் தராதீர்கள். நேரில் ஒருமுறையாவது பார்க்கவேண்டும், முடிந்தால் வார்டில் சேர்த்துக் கவனிக்கவேண்டும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற இடத்துக்கு அனுப்பக் கோருவது இதற்காகத்தான். இடைக்கால நிலையை, அதாவது மருந்தால் தேறிவருகிறாரா, எப்போது நேரில் பார்ப்பது பயன் தரும் என்பதைக் காணொளியில் பார்த்துச் சொல்லலாம்.

சம்பவ நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது வேறு கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, மனநோயால் குற்றப்பொறுப்பு இல்லை என்று சொல்ல, செயல் நடந்த நேரத்தைத்தான் பார்க்கிறது. 1964-இல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இன்றைய முகத்தைத் திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அன்றைய நிலை தெரியாது. பழைய மருந்துச் சீட்டு, சம்பவத்தன்று பார்த்தவர் வாக்குமூலம், சிறையில் சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்பு ஆகியவைதான் பேசும். இங்கே காணொளி வேறுவகையில் கைகொடுக்கும்: கூலிவேலையை விட்டு நகரத்துக்கு வரமுடியாத தாயையோ அண்ணனையோ அவர்கள் ஊரிலிருந்தே பேசவைக்கலாம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவையுங்கள், பின்னாலிருந்து ஒருவர் சொல்லிக்கொடுப்பது காணொளியில் தெரியாமல் போகும்.

அறிக்கையில் எந்த நாள், எத்தனை நிமிடம், எந்த இடத்திலிருந்து, அறையில் யார், எத்தனை முறை இணைப்பு அறுந்தது, எதையெல்லாம் பரிசோதிக்க முடியவில்லை என்று எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாட்சியம் காணொளியில் சொல்லலாம் என்பது 2003-இல் உச்ச நீதிமன்றத்தின் பிரஃபுல் தேசாய் வழக்கிலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் அது சாட்சி சொல்வதற்கான அனுமதி, பரிசோதனையைக் காணொளியில் முடிப்பதற்கானது இல்லை.

பதிவு

அமர்வை வீடியோவாகப் பதியாதீர்கள். சிறைக் கணினியில் தங்கும் ஒரு பதிவு நாளைக்குச் சான்றாகக் கேட்கப்படலாம், கசியவும் செய்யலாம். செயலியில் பதிவு வசதியை நிர்வாகக் கணக்கிலேயே அணைத்து, நோயாளிக்கு ஒரு இணைப்பு என்று தனித்தனியாக உருவாக்கி, செயலியின் காத்திருப்பு அறை வசதியை இயக்கிவையுங்கள். அடுத்த நோயாளி நடுவில் வந்து நுழைவது அப்படித்தான் நிற்கும். யாருடைய சொந்த வாட்ஸ்அப்பிலும் மருந்துச் சீட்டு போகக்கூடாது.

2017 சட்டத்தின் 103-ஆவது பிரிவின்படி சிறை மருத்துவ அலுவலர் மனநல மீளாய்வு வாரியத்துக்குக் காலாண்டு அறிக்கை அனுப்பவேண்டும். மனநோயுள்ள கைதி சிறையில் யாரும் இல்லை என்று சான்றளிப்பதுதான் அதன் வாசகம். காணொளியில் பத்துப் பேருக்கு மருந்து எழுதிக்கொண்டே அந்தச் சான்றிலும் கையெழுத்திட்டால் இரண்டு தாளும் ஒருநாள் ஒரே மேசையில் சந்திக்கும். யார் யார் சிகிச்சையில், யாரை இடமாற்றக் கேட்டும் நடக்கவில்லை என்று உண்மையை எழுதுவதே மருத்துவ அலுவலருக்குப் பாதுகாப்பு.

வெளியே போகும் நாள்

ஜாமீன் உத்தரவு மாலையில் வரும், ஆள் இரவுக்குள் வெளியே போய்விடுவார், அடுத்த காணொளி நாள் வரும்போதுதான் செவிலியருக்கே தெரியும். இதைத் தடுக்க, சிகிச்சையில் உள்ளவர்களின் பட்டியல் ஒன்று விடுதலைப் பிரிவு மேசையில் இருக்கட்டும், அதில் பெயரும் எண்ணும் மட்டும் போதும், நோயின் பெயர் வேண்டாம். பட்டியலில் உள்ளவர் போகும்போது மருத்துவமனைக்கு ஒரு போன் வரவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் உறை முன்பே தயாராக இருக்கலாம்: 14 நாள் மருந்து, மருந்துச் சீட்டின் நகல், சொந்த ஊருக்கு அருகிலுள்ள மாவட்ட மனநலத் திட்ட மருத்துவ முகாம் எந்தக் கிழமை எங்கே நடக்கும் என்ற துண்டு, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. மருந்தின் நாளைக் கணக்கிட்டு உறையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், லித்தியமும் அமிட்ரிப்டிலினும் உள்ள உறையை மட்டும் உறவினர் கையில் கொடுங்கள்.